குட்டெனாய் மக்களும் சேம்பர்லினின் குறிப்பேடுகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மானுடவியலாளர் அலெக்ஸாண்டர் பிரான்சிஸ் சேம்பர்லின் வட அமெரிக்காவின் குட்டெனாய் பழங்குடியினரைப் பற்றி எழுதிய அறிக்கையைப் படித்தேன். சொற்கள், வழக்கங்கள், தலையின் நீள அகலம் வரை எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கிறார். இத்தனை உழைப்பால் அம்மக்களின் நலவாழ்வுக்கு என்ன பயன் விளைந்தது?

ச.

அன்புள்ள ச.,

சேம்பர்லின் 1891ஆம் ஆண்டு கோடையில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தென்கிழக்கு மூலைக்குச் சென்றபோது, பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் கேள்விகளையே கையில் கொண்டு சென்றார். க்டுனாஹா என்று தங்களை அழைத்துக்கொள்ளும் அம்மக்களின் கேள்விகள் அவற்றில் இல்லை. நீங்கள் குறிப்பிடும் தலை அளவுகள் அக்கால மானுடவியலின் மோகம். இன்று அவற்றுக்கு அவ்வளவாகப் பயனில்லை.

ஆனால் அவர் கதைகளையும் அம்மொழியிலேயே எழுதி வைத்தார். 1914இல் அவர் இறந்த பிறகு, அவருடைய ஆசிரியர் பிரான்ஸ் போவாஸ் தாம் சேகரித்தவற்றோடு அவற்றையும் சேர்த்து 1918இல் மூலமும் மொழிபெயர்ப்புமாக வெளியிட்டார். குட்டெனாய் எந்த மொழிக் குடும்பத்தையும் சேராத தனிமொழி. ஒரு கதையில் இருவர் படர்க்கையில் வந்தால், அவர்களுள் எவர் முதன்மையானவர், எவர் அடுத்தவர் என்பதை அம்மொழி விகுதியாலேயே பிரித்துக் காட்டிவிடும். தமிழில் நாம் 'அவன்', 'அவன்' என்று எழுதிக் குழம்பும் இடத்தில் அங்கே குழப்பமே எழாது. சொற்பட்டியலில் பிடிபடாத இந்த நுட்பம், ஒருவர் முழுக் கதையாகச் சொல்லும்போதுதான் வெளிப்படுகிறது. அம்மொழியைச் சரளமாகப் பேசுவோர் மிகவும் குறைந்துவிட்ட இன்று, சேம்பர்லினின் பணியில் நான் மதிக்கும் பகுதி இதுவே.

நலவாழ்வு என்றீர்களே, அதற்கு வருகிறேன். அவர் வந்து சென்று இருபத்தோரு ஆண்டுகளில், 1912இல், அதே பகுதியில் கிரான்புரூக் நகருக்கு அருகே, பழங்குடிப் பிள்ளைகளுக்கான செயின்ட் யூஜின் உறைவிடப் பள்ளியின் பெரிய கட்டடம் திறக்கப்பட்டது. அறிஞர் ஒருவர் அரும்பொருள் போல் எழுதி எடுத்துச் சென்ற மொழியைப் பேசக் கூடாது என்று அங்கே பிள்ளைகள் தடுக்கப்பட்டார்கள். அந்தப் பள்ளி 1970 வரை நடந்தது. கட்டுரைகள் நூலகங்களில் இருந்தன. அவற்றால் இதைத் தடுக்க முடியவில்லை. இதற்காகச் சேம்பர்லினைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஆனால் பதிவு செய்வதே பாதுகாப்பது என்று நம்மிடையே உலவும் நம்பிக்கையை நான் ஏற்பதில்லை.

எல்லைக்குத் தெற்கே, அமெரிக்காவில் நிகழ்ந்ததையும் பாருங்கள். 1855இல் அமெரிக்க அரசு பழங்குடியினரோடு செய்த ஹெல்கேட் நில ஒப்பந்தம் கையெழுத்தானபோது, ஐடஹோ பகுதியில் வாழ்ந்த குட்டெனாய் கூட்டம் அதில் கையெழுத்திடவில்லை. இருந்தும் அவர்களுடைய நிலம் பறிபோயிற்று. 1974 செப்டம்பர் 20 அன்று, 67 பேரே இருந்த அந்தக் கூட்டம், ஏமி டிரைஸ் என்ற பெண்மணியின் தலைமையில் அமெரிக்க அரசின் மீது போர் அறிவித்தது. துப்பாக்கி எதுவும் வெடிக்கவில்லை. பானர்ஸ் ஃபெர்ரி என்ற ஊர் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் நின்று வாகனங்களிடம் பத்து சென்ட் சுங்கம் கேட்டார்கள். இறுதியில் பன்னிரண்டரை ஏக்கர் நிலம் கிடைத்தது. இழந்த நிலத்தோடு ஒப்பிட்டால் அது சொற்பம்தான், ஆனாலும் அவர்களே போராடிப் பெற்றது.

அடுத்த முறை அந்த அறிக்கையைப் புரட்டும்போது அளவுப் பட்டியல்களைத் தாண்டி 1918ஆம் ஆண்டுத் தொகுப்பில் கயோட்டி என்ற ஓநாய் இன விலங்கைப் பற்றிய கதைகளுக்குச் செல்லுங்கள். மொழிபெயர்ப்பை மட்டும் படிக்காமல், புரியாவிட்டாலும் மூல வரிகளையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.