சுவருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

வணக்கம் அண்ணா,

ஓரியண்டியரிங் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நானும் நண்பர்கள் இரண்டு பேரும் போன மாதம் ஒரு போட்டிக்குப் போனோம். வரைபடத்தைக் கையில் கொடுத்து, ஆரஞ்சு வெள்ளைக் கொடி தொங்குகிற இடங்களை வரிசையாகத் தொட்டுவிட்டு வரச் சொன்னார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தாண்டக் கூடாது என்று வரைபடத்தில் போட்டிருந்த ஒரு சுவரை மூன்று பேர் சாவகாசமாக ஏறிக் குதித்துப் போனார்கள், என் கண்ணால் பார்த்தேன். நாங்கள் சுற்றிக்கொண்டு ஓடினோம். அந்த மூவரில் ஒருவருக்கு இரண்டாம் பரிசு. நடத்தியவர்களிடம் சொன்னால், "நீங்க பார்த்தீங்க, நாங்க பார்க்கலையே" என்கிறார்கள். எங்கள் மாமா காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். நடுக்கடலில் படகு எங்கே நிற்கிறது என்று கரையிலிருந்தே தெரிகிறது. அதேபோல ஆளுக்கு ஒரு ஜிபிஎஸ் ட்ராக்கரைக் கட்டிவிட்டு, தடை செய்த இடத்தைக் கோடு தாண்டினால் ஆளைத் தூக்கிவிட வேண்டியதுதானே? மனுஷன் பொய் சொல்வான், சாட்டிலைட் பொய் சொல்லுமா?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

*

அன்புள்ள தம்பிக்கு,

பேர் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், அதனால் ஊர் மட்டும். உங்கள் கோபம் நியாயம். சுற்றி ஓடியவன் இளிச்சவாயன் என்று ஆகிவிட்டால் அடுத்த போட்டியில் எவனும் சுற்றி ஓடமாட்டான்.

சாட்டிலைட் பொய் சொல்லுமா என்றால், ஒரு காலத்தில் சொன்னது. ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் சொத்து. பொதுமக்களுக்குக் கிடைக்கும் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து, நூறு மீட்டர் வரை தவறாகக் காட்டும்படி விட்டிருந்தார்கள். 2000 மே மாதம்தான் அதை நிறுத்தினார்கள். இப்போது பொய் இல்லை. ஆனால் நாம் கேட்கிற கேள்விக்கு அதற்குப் பதில் தெரியாது, நாம்தான் அது பதில் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம்.

மாமாவின் படகையே எடுத்துக்கொள்வோம். கடலில் நாலாபக்கமும் வானம் திறந்து கிடக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. அங்கே கேள்வியும் பெரிய கேள்வி: எல்லைக்கு இந்தப் பக்கம் எத்தனை மைல், அந்தப் பக்கம் எத்தனை மைல். ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டினால் யாருக்கு என்ன நஷ்டம், படகே அதைவிட நீளம். கல்மண்டபம் பக்கத்துச் சந்துகளில் ஐந்து மீட்டர் என்பது ஒரு வீட்டு வாசற்படியிலிருந்து எதிர்வீட்டு அடுப்படி. திறந்த வெளியிலேயே சாதாரண போன் ஐந்து மீட்டர் வரை முன்னே பின்னே காட்டும். சந்துக்குள் இன்னும் மோசம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிற சிக்னல் அது, வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத்தான் தூரத்தைக் கணக்குப் போடுகிறது கருவி. நேரே வராமல் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்தால் நேரம் கூடுகிறது. நொடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு கூடினாலே முப்பது மீட்டர் கணக்கு உதைக்கும்.

நான் சொன்னால் நம்ப வேண்டாம் என்று, உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போது போனை வலது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மகனுடைய ஓட்டக்கார வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு, எங்கள் தெருக் கோடியில் இருக்கிற ஒரு பழைய கோடவுனின் காம்பவுண்டு சுவரை ஒட்டி நான்கு தடவை போய் வந்தேன். சுவரைக் கை தொட்டுக்கொண்டே நடந்தேன், விரலெல்லாம் சுண்ணாம்பு. வீட்டுக்கு வந்து பார்த்தால் வாட்ச் என்னை எதிர்சாரித் தையல் கடைக்குள் நடக்கவிட்டிருக்கிறது. போன் இன்னும் ஒரு படி மேலே போய், மூன்றாவது தடவை நான் பூட்டிய கோடவுனுக்குள் நுழைந்து நாற்பது அடி நடந்து சுவர் வழியாகவே வெளியே வந்ததாகக் காட்டுகிறது. பேய்க்குத்தான் அது முடியும். அந்த ஓட்டத்துக்கு நீங்கள் நடுவராக இருந்தால் என்னைத் தூக்கியிருப்பீர்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ட்ராக்கர் கோடு போடுவதில்லை, புள்ளி வைக்கிறது. கோடு போடுவது திரையில் காட்டுகிற மென்பொருள். ஐந்து நொடிக்கு ஒரு புள்ளி என்று வையுங்கள், கிலோமீட்டருக்கு நாலு நிமிஷம் ஓடுகிற பையன் அதற்குள் இருபது மீட்டர் போயிருப்பான். நடுவில் அவன் ஒரு மூலை திரும்பியிருந்தால் இரண்டு புள்ளிக்கும் நடுவே விழுகிற நேர்கோடு அந்த மூலைவீட்டை வெட்டிக்கொண்டுதான் போகும். இதைப் பார்த்துவிட்டு "குறுக்கே போய்ட்டான் பாரு" என்று குதிக்கிறவர்கள் உண்டு.

தெருக்களில் நடக்கும் ஸ்பிரின்ட் வகைக்கு வழக்கமான வரைபட அளவு 1:4000. ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் நாலு மீட்டர். ஆக ஜிபிஎஸ்ஸின் சாதாரணப் பிழையே வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல், சுவரைக் குறிக்கும் தடித்த கறுப்புக் கோட்டைவிடப் பெரிது. கோட்டைவிட அகலமான பேனாவை வைத்துக்கொண்டு, கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்றாய் என்று யாரைக் கேட்பது?

விதி கடுமையானதுதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. அந்தத் தடித்த கறுப்புக் கோட்டை, குழந்தை ஏறக்கூடிய உயரமாக இருந்தாலும் தாண்டக் கூடாது. ஆலிவ் பச்சை அடித்த இடம் அடுத்தவர் வீட்டுத் தோட்டமாக இருக்கும், அங்கேயும் கால் வைக்கக் கூடாது. உயரமானவனுக்கு ஒரு நியாயம், குள்ளமானவனுக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடாமல் இருக்கவும், சுவருக்குச் சொந்தக்காரர் கட்டையோடு வராமல் இருக்கவும் இந்த ஏற்பாடு. (நம்மூருக்குச் சுவர் புதிதல்ல. பட்டணத்தைச் சுற்றிக் கம்பெனிக்காரன் சுவர் கட்டி, அதற்கு நம்மிடமே வரி கேட்டதில்தான் வால்டாக்ஸ் ரோடு என்கிற பேரே வந்தது.) கொடிக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் விரலில் மாட்டியிருக்கிற சிப்பைத் தொட்டால், எந்த கன்ட்ரோலுக்கு, அதாவது கொடி தொங்குகிற எந்த இடத்துக்கு, எத்தனை மணிக்கு வந்தாய் என்று பதிவாகிவிடும். எந்த வழியாக வந்தாய் என்பதை அது சொல்லாது. அந்த இடைவெளியை ட்ராக்கர் நிரப்பும் என்றுதான் எல்லோருக்கும் ஆசை.

சரி, கருவி இன்னும் துல்லியமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பெரிய போட்டிகளில் ட்ராக்கர் கட்டுவது நேரலையில் பார்க்கிறவர்களுக்காக. ஜெயிக்க வாய்ப்புள்ளவர்களுக்குக் கட்டுவார்கள், எல்லோருக்கும் கட்டுவது செலவு. இருநூறு பேர் ஓடி இருபது பேர் முதுகில் ட்ராக்கர் இருந்தால், விதி அந்த இருபது பேருக்கு மட்டும்தான். மீதி நூற்று எண்பது பேர் சுவரேறிக் குதிக்கலாம். எனக்கு இதுதான் ஜிபிஎஸ் பிழையைவிடப் பெரிய குறை.

சில வருஷம் முன்னால் ஒரு போட்டியில் நான் உதவிக்கு நின்றேன், எங்கே என்பது வேண்டாம். முடிந்த அன்று ராத்திரி ஒரு கல்லூரிப் பையன், தான் எங்கே வழி தவறினான் என்று நண்பர்களுக்குக் காட்டுவதற்காகத் தன் வாட்சில் பதிவான தடத்தை இணையத்தில் ஏற்றினான். யாரோ அதைப் பெரிதாக்கிப் பார்த்து, பூந்தொட்டி வைத்த பாத்திக்குள் கோடு போகிறது என்று புகார் கொடுக்க, அவனை நீக்கிவிட்டார்கள். பாத்திக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒன்றரை அடி உயரக் கட்டை, அவ்வளவுதான். நான் நடைபாதையில்தான் வந்தேன் என்று அழாத குறையாகச் சொன்னான். வந்தானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, நீக்கியவர்களுக்கும் தெரியாது. அதற்கடுத்த போட்டியில் ஒருத்தர்கூடத் தடத்தை ஏற்றவில்லை. ஓடி முடித்ததும் டீக்கடையில் தடத்தைப் பார்த்து "நீ ஏன்டா அந்தப் பக்கம் போனே" என்று சண்டை போடுவது இந்த விளையாட்டின் பாதிச் சந்தோஷம், அது போச்சு.

ட்ராக்கரே வேண்டாம் என்று சொல்லவில்லை. காட்டுப் போட்டியில் ஆள் காணாமல் போனால் தேட அதுதான் கதி. இருநூறு மீட்டர் அகலமுள்ள ரயில்வே யார்டுக்கு நடுவே புள்ளி வரிசையாக விழுந்திருந்தால் அங்கே பிழைக்கு இடமில்லை, தாராளமாகக் கூப்பிட்டு விசாரிக்கலாம். ஒற்றைச் சுவர் என்றால் அதே கோடு சந்தேகத்துக்குக் காரணம் மட்டும்தான். பார்த்த ஆள் வேண்டும், அல்லது போட்டோ வேண்டும், அல்லது ஓடியவனே ஒத்துக்கொள்ள வேண்டும். உங்கள் விஷயத்தில் பார்த்த ஆள் நீங்கள் மூன்று பேர் இருந்திருக்கிறீர்கள். அதை எழுத்தில் புகாராக வாங்கி அந்த மூவரையும் நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். சாட்டிலைட் இல்லாததால் அவர்கள் தப்பிக்கவில்லை, கேட்க யாருக்கும் மனமில்லாததால் தப்பித்தார்கள்.

அப்புறம், கொடிகளை எங்கெங்கே வைப்பது என்று முடிவு செய்கிறவன் பங்கு. நானே ஒருமுறை ஒரு கன்ட்ரோலை நாலடிச் சுவருக்கு நேர் பின்னால் வைத்துவிட்டேன். இந்தப் பக்கம் நின்றால் கொடியின் ஆரஞ்சு நுனி தெரிகிறது, சுற்றிப் போனால் நூற்றைம்பது மீட்டர். மூச்சிரைக்க ஓடி வருகிறவன் கண்ணில் கொடி பட்டுவிட்டால் வரைபடத்தை ஏன் பார்க்கப் போகிறான்? அன்று எத்தனை பேர் குதித்தார்கள் என்று நான் எண்ணவில்லை, வெட்கமாக இருந்தது. கொடியைப் பத்தடி தள்ளி மூலைக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்தால் குதிக்கிற எண்ணமே வந்திருக்காது. மாற்ற முடியாத இடம் என்றால் சுவர் ஓரம் பட்டை நாடா இழுத்துக் கட்டிவிட்டு ஒரு ஆளை நிறுத்துவது. ட்ராக்கர் வாடகையைவிடச் சல்லிசு.

அடுத்த போட்டிக்கு எங்களுக்கு அப்படி நிற்க இரண்டு பேர் குறைகிறது. உங்கள் நண்பர்களில் ஓடாதவர் யாராவது இருந்தால் அனுப்புங்கள். கையில் நோட்டும் பேனாவும் போதும், அப்படியே ஒரு குடை, ஏழரைக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. டிபன் எங்கள் பொறுப்பு.