டி-72 மேல் இன்னும் எவ்வளவு ஏற்றலாம்? – கேள்வி பதில்

நம் ராணுவத்தில் இருக்கும் டி-72 என்ற பழைய சோவியத் டாங்கிகளைப் புதுப்பிப்பது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். பணியில் இருப்பவர்கள் படைப்பிரிவு, இடம் எதையும் எழுத வேண்டாம். எழுதினால் நீக்கிவிடுவேன்.

முருகன், சேலம்: டி-72 என் அப்பா காலத்து வண்டி. அதற்கு ஏன் இன்னும் செலவழிக்கிறோம்? புதிதாக வாங்கிவிடலாமே?

நம்மிடம் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றுக்கு மாற்றாக 1,770 புதிய டாங்கிகளுக்கு 2024 செப்டம்பரில்தான் முதற்கட்ட ஒப்புதல் கிடைத்தது. அவை வரும்வரை இருப்பதை வைத்துத்தான் எல்லையைக் காக்க வேண்டும்.

2025 மார்ச்சில் ரஷ்ய அரசின் ஆயுத ஏற்றுமதி நிறுவனமான ரோசோபோரோன்எக்ஸ்போர்ட்டுடன் 24.8 கோடி டாலருக்கு எஞ்சின் ஒப்பந்தம் போட்டார்கள். 780 குதிரைசக்தி எஞ்சினுக்குப் பதில் 1,000. தொழில்நுட்பம் ஆவடியில் இருக்கும், டாங்கி தயாரிக்கும் அரசு நிறுவனமான ஏவிஎன்எல்லுக்கு வருகிறது. ஏன் எஞ்சினுக்கு இத்தனை முக்கியத்துவம்? கவசம், ட்ரோனைத் தடுக்கும் கம்பிக் கூண்டு, ரேடியோ சிக்னலைக் குழப்பும் ஜாமர் என்று மேலே எதை வைத்தாலும் இழுக்கப்போவது அதுதானே. ஆனால் எஞ்சினோடு வேலை முடியாது. கூடுதல் எடையை கியர்பாக்ஸும், சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் வேலை செய்யும் டார்ஷன் பாரும், செயினும் தாங்க வேண்டும். அதனால் யார் எந்தப் புதுக் கருவியைக் காட்டினாலும் முதலில் எடையைக் கேளுங்கள்.

இரண்டாவதாக மின்சாரத்தைக் கேளுங்கள். தெர்மல் கேமரா, ரேடியோ, ஜாமர் எல்லாம் கரண்ட் தின்னும். தனியாகச் சின்ன ஜெனரேட்டர் இல்லாத வண்டி, ராத்திரி பதுங்கி நிற்கும்போதுகூட பெரிய எஞ்சினை ஓடவிட வேண்டும். அந்தச் சூட்டை எதிரியின் தெர்மல் கேமரா சுலபமாகப் பிடித்துவிடும்.

பாத்திமா, நாகர்கோவில்: உக்ரைனில் டாங்கி மேல் கூண்டு கட்டுகிறார்களே, பலன் உண்டா?

உண்டு, ஓரளவுக்கு. டாங்கியின் முன்பக்கக் கவசம்தான் தடிமன், கூரை மெலிது. எஃப்பிவி ட்ரோனில், அதாவது அதன் கேமரா காட்டுவதைப் பார்த்தே ஓட்டும் ட்ரோனில், ஆர்பிஜி என்ற டாங்கி எதிர்ப்புக் குண்டைக் கட்டி அனுப்புகிறார்கள். ஓட்டுபவன் எஞ்சின் மூடியையோ, டரட் என்ற சுழலும் மேல்பகுதியின் பின்பக்கத்தையோ தேடுகிறான். கூண்டு அதைத் தள்ளியே வெடிக்க வைக்கலாம், அல்லது வலையில் சிக்க வைக்கலாம். பதிலுக்கு டரட் திரும்புவது தடைபடும், வெளியே பார்ப்பது சிரமம், தீப்பிடித்தால் மேல்மூடியான ஹேட்சைத் திறந்து குதிப்பதும் கஷ்டம்.

ஜாமர் ரேடியோ ட்ரோனைத் தடுக்கும். ரேடியோ இல்லாமல் ஃபைபர் இழை வழியே கட்டளை பெற்று வரும் ட்ரோனை ஒன்றும் செய்யாது. இஸ்ரேலின் டிராபி மாதிரி, வரும் குண்டை வழியிலேயே அடிக்கும் அமைப்பு 2011-இலேயே மெர்க்காவா டாங்கியில் சண்டைக்களத்தில் வேலை செய்து காட்டியது. ஆனால் அது பக்கவாட்டில் வரும் ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் என்று செய்தது. தலைக்கு நேர் மேலிருந்து விழுவது வேறு கணக்கு. எடை? ஆமாம், அதற்கும் உண்டு.

எந்தக் கூண்டும் தீர்க்காத சிக்கல் ஒன்று இருக்கிறது. டி-72-இல் 22 குண்டுகள் டரட்டுக்கு அடியில், வீரர்களின் காலடியில் வட்டமாக அடுக்கியிருக்கும். மீதி உள்ளேயே அங்கங்கே செருகியிருக்கும். அதில் தீப்பிடித்தால் டரட் பறக்கும். உள்ளே இருக்கும் மூன்று வீரர்களும் தப்புவது அரிது.

கார்த்திக்: அப்படியானால் டாங்கி காலம் முடிந்ததா?

முடியவில்லை. 1973-இல் எகிப்தியர்கள் சாகர் என்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணையால் இஸ்ரேலிய டாங்கிகளைச் சுட்டுத் தள்ளியபோதும் இதையே கேட்டார்கள். 1982-இல் லெபனானுக்கு அதே இஸ்ரேல் வெடிகவசம் (வரும் குண்டை வெடித்துச் சிதறடிக்கும் கவசம்) மாட்டிய டாங்கிகளோடு போனது.

செல்வா: ட்ரோன் வந்த பிறகு டாங்கி தேவையா சார்?

மேலே பாருங்கள்.

ஆவடிக்காரன்: அர்ஜுன் இருக்கும்போது டி-72-க்கு ஏன் அழ வேண்டும்? அண்ணன் வேண்டுமென்றே அர்ஜுன் பேச்சை எடுக்கவில்லை.

எடுத்தால் சண்டை வரும் என்றுதான். சரி, கேளுங்கள். நாமே வடிவமைத்த டாங்கியான அர்ஜுன் நல்ல வண்டி. நான்கு பேர் குழு, குண்டுகள் தனிப் பெட்டிகளில், மேடுபள்ளத்தில் அலுங்காத சஸ்பென்ஷன். 2010 மார்ச்சில் ராஜஸ்தானில் ரஷ்ய டாங்கியான டி-90-ஓடு நடந்த ஒப்பீட்டில் நன்றாகவே செய்தது. பிறகு இன்னும் 124 கேட்டார்கள். 2021-இல் 7,523 கோடி ரூபாய்க்கு மார்க்-1ஏ என்ற மேம்பட்ட அர்ஜுன் 118. ஆனால் அது 68 டன். டி-72 நாற்பது சொச்சம். பஞ்சாபில் கால்வாய்க்குக் கால்வாய் பாலம் கடக்க வேண்டும், பாலம் அந்த எடையைத் தாங்க வேண்டும்.

ஆவடிக்காரன்: எடை, எடை! அமெரிக்க ஆப்ராம்ஸ் மட்டும் இறகா?

இல்லை. அமெரிக்கர்கள் அதற்கேற்ற பாலத்தையும் மீட்பு வண்டியையும் கூடவே கொண்டுபோகிறார்கள். இங்கே அந்தச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். அர்ஜுனின் எஞ்சின் ஜெர்மனியிலிருந்து வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆவடிக்காரன்: வெளிநாட்டுச் சாமான்தான் குறையா? 2001-இல் வாங்கிய டி-90-இன் பிரெஞ்சு தெர்மல் கேமராக்கள் பாலைவன வெயிலில் படுத்ததை ஏன் சொல்லவில்லை?

படுத்தன, உண்மை. நல்ல இடத்தைத் தொட்டீர்கள். ஏசி இல்லாத வண்டிக்குள் நுட்பமான கருவியை வைத்தார்கள். கேமராவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கூடவே குளிரூட்டியைப் பற்றியும் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ரவி, தாம்பரம்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். லடாக்கில் இந்த இரண்டில் எது?

இரண்டும் இல்லை, மலைக்கு ஜொராவர் என்ற இலகு டாங்கி. 25 டன், 105 மி.மீ. குழல். 2024 டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேல் சுட்டுப் பார்த்தார்கள். வடிவமைத்ததும் ஆவடியில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடமான சிவிஆர்டிஈதான்; ஆவடிக்காரர் கொஞ்சம் சமாதானமாகலாம்.

ஆவடிக்காரன்: சமாதானமாகவில்லை. அர்ஜுன் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

பேசலாம், இன்னொரு நாள்.

பெயர் வேண்டாம்: அர்ஜுனா, டி-90-ஆ? ஒரே வார்த்தையில்.

மாட்டேன்.

தினேஷ்: ஆவடி தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது?

ஏவிஎன்எல் தளத்தில் அறிவிப்பு வரும். இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சரவணன்: பாதுகாப்புத் துறைப் பங்குகள் வாங்கலாமா?

எனக்குப் பங்குச்சந்தை தெரியாது.

பிரவீன்: டாங்கி வழக்கொழிந்துவிட்டதாமே?

பிரவீன், கார்த்திக்குக்கு எழுதியதைப் படியுங்கள். இந்தக் கேள்விக்கு இனி பதில் கிடையாது.

நந்தினி, இயந்திரவியல் மாணவி: டி-72 மேம்பாட்டில் யாரும் அதிகம் தொடாத தலைப்பு ஒன்று சொல்லுங்கள், புராஜெக்ட் செய்ய.

இன்று வந்ததில் உருப்படியான கேள்வி. ரிவர்ஸ் கியரை எடுத்துக்கொள்ளுங்கள். டி-72-க்கு ஒரே ஒரு ரிவர்ஸ் கியர்தான். வேகம் மணிக்கு 4 கி.மீ. அளவு. ஆள் நடந்தே முந்திவிடுவான். சுட்டுவிட்டு மறைவிடத்துக்கு வேகமாகப் பின்வாங்க முடியாது. அவசரம் என்றால் வண்டியைத் திருப்ப வேண்டும், அப்போது மெலிந்த பின்பக்கத்தை எதிரிக்குக் காட்ட வேண்டும். எஞ்சினை மட்டும் 1,000 ஆக்கினால் இது மாறாது, கியர்பாக்ஸைத் தொட வேண்டும். இருக்கிற இடத்துக்குள் அதை எப்படி அடக்குவது என்று ஆரம்பியுங்கள். பின்னால் எடுக்கும்போது டிரைவருக்கு ஒன்றும் தெரியாது, கமாண்டர் சொல்லச் சொல்லத்தான் ஓட்ட வேண்டும். அதனால் பின்பக்கக் கேமரா ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.