பாகாயம் போவதற்கு முன்

தம்பி, குடியாத்தத்திலிருந்து இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்து நான்கு மாதமாகத் தூக்கமும் பசியும் இல்லை, இங்கே மனச்சோர்வுக்கு முறையான வைத்தியம் கிடைக்குமா, இல்லை விடுப்பு போட்டு வேலூருக்கே வந்து பாகாயம் மனநல மையத்தில் காட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காட்பாடியிலிருந்து வந்த நானும் முதல் குளிர்காலத்தில் இதே நிலையில் இருந்தேன்.

வைத்தியம் கிடைக்கும், அது போதுமான அளவுக்குக் கிடைப்பது, நீங்கள் எதைச் சொல்கிறீர்கள், எத்தனை முறை திரும்பிப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நம் பக்கத்தில் மனக்கஷ்டத்தை உடம்பின் மேல் ஏற்றித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். 'தலை கனக்கிறது, நெஞ்சை அடைக்கிறது' என்று இங்கே என் பகுதிக் குடும்ப மருத்துவரிடம் மூன்று முறை சொன்னேன். பத்து நிமிடச் சந்திப்பில் மூன்று முறையும் வலி மாத்திரைதான் கிடைத்தது. 'எதிலும் மனம் ஒட்டவில்லை, விடிந்தால் எழவே பிடிக்கவில்லை' என்று நான்காம் முறை சொன்ன பிறகே மருத்துவர் மனநிலையைப் பற்றி விசாரித்தார். ஆங்கிலத்தில் சொல்ல வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்குக் கட்டணமில்லை. நீங்கள் சொல்வது அலுவலகத்துக்கும் போகாது.

மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் குமட்டலும் படபடப்பும் வருவதால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். 'பழக்கமாகிவிடும், நிறுத்திவிடு' என்று அம்மா தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு, சற்றுத் தெளிந்ததுமே நானும் நிறுத்தினேன். இரண்டே மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டேன். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்பதையும், மருத்துவரைக் கேட்டுச் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும் என்பதையும் எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

பேச்சுவழிச் சிகிச்சைக்கு மருத்துவரின் கடிதம்கூட வேண்டாம், நீங்களே பதிவு செய்யலாம். காத்திருப்பு சில ஊர்களில் மாதக்கணக்கில் நீளும் என்பதால் இன்றைக்கே செய்யுங்கள்.

பாகாயத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மையம் 1957 முதல் இருக்கிறது. நோயாளியோடு வீட்டாரும் தங்குவது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. இங்கே நமக்கு இல்லாதது அந்த உடனிருப்புதான். ஆகவே அறைத்தோழர் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி, முதல் சந்திப்புக்கு அவரையும் அழைத்துப் போங்கள்.

வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் எந்தச் சந்திப்புக்கும் காத்திருக்காமல் இங்குள்ள மருத்துவ உதவி எண் 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அவசர எண் 999.