கொப்பித் தாளில் எழுதியது மரண சாசனம் ஆகுமா?

ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "குடியிருக்கும் வீடு தங்கைக்கும், படுவான்கரையில் அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த வயல் தம்பிக்கும் சேர வேண்டுமென 76 வயதான அப்பா கொப்பித் தாளில் எழுதி, அயலவர் இருவரின் முன் கையெழுத்திட்டிருக்கிறார். அம்மா காலமாகிவிட்டார்; பிள்ளைகள் மூவரில் நானே மூத்தவள். இது போதுமா?"

போதாது. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, மரண சாசனம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு, நொத்தாரிசு இல்லையெனில் ஒரே வேளையில் கூடியிருக்கும் ஐந்து சாட்சிகளோடு ஒப்பமிடப்பட வேண்டும். சொத்துப் பெறுபவரையோ அவருடைய துணையையோ சாட்சியாக்க வேண்டாம்.

புதிதாக எழுதுவதற்கு முன் வீட்டு உறுதியை எடுத்து, அது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நமது பகுதியில் வீடு பெரும்பாலும் தாய்க்குச் சீதனமாக வந்தது என்பதால், பலர் இடறுவது இங்கேதான். உறுதி அம்மாவின் பெயரில் இருந்து, அவர் சாசனம் எழுதாமல் இறந்திருந்தால், 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி வீட்டில் பாதி அப்பாவுக்கும், மற்றப் பாதி பிள்ளைகள் மூவருக்கும் சமமாகவும் அன்றே இறங்கிவிட்டது. அப்பா தன் பாதியை மட்டுமே தங்கைக்கு எழுதலாம். உங்களுடையதும் தம்பியுடையதுமான ஆறில் ஒரு பங்குகளை நீங்கள் இருவரும் நன்கொடை உறுதி மூலம் கொடுத்தால்தான் வீடு முழுமையாக அவருடையதாகும். (யாழ்ப்பாண உறவினர் சொல்லும் தேசவழமை (வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டம்) கணக்கை இதற்குள் கொண்டுவர வேண்டாம், அது உங்கள் குடும்பத்துக்குரிய சட்டமல்ல.) 2004 சுனாமியில் உறுதி தொலைந்திருந்தால், காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள்.

வயலின் நிலைமை வேறு. அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டதாயின், எவ்வளவு சரியாக எழுதப்பட்ட சாசனமும் அதைக் கட்டுப்படுத்தாது. பின்னுரித்தாளராக, அதாவது உரிமையாளருக்குப் பின் காணியைப் பெறுபவராக, பதியப்பட்ட பெயரே செல்லும், அதுவும் உரிமையாளர் உயிரோடிருக்கும்போது பதியப்பட்டிருந்தால் மட்டும். அந்த இடத்தில் இறந்துபோன மனைவியின் பெயரே இன்னும் கிடக்கும் அனுமதிப்பத்திரங்கள் எத்தனையோ. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். அப்படி விட்டால், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் ஆண், பெண் வேறுபாடின்றி மூத்த பிள்ளைக்கே முன்னுரிமை என்பதால், வயல் தம்பிக்கல்ல, உங்களுக்கே வரும்.

ஆகவே, அப்பா நடமாடக்கூடியவராக இருக்கும்போதே அனுமதிப்பத்திரம், அம்மாவின் மரணச் சான்றிதழ், தம்பியின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு அவரைப் பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, தம்பியின் பெயரைப் பதிவுசெய்யுங்கள். நொத்தாரிசிடம் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.