முட்டி எங்கே போனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தஞ்சைக் கலைக்கூடத்துக்கு மகளை அழைத்துப் போயிருந்தேன். பிசியோதெரபி படிக்கிறாள். திருவெண்காட்டு ரிஷபவாகனர் என்ற சிவனின் வெண்கலச் சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முட்டிச் சில்லையே காணோமேப்பா, தொடையில ஒரு தசைகூடத் தெரியல" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நம் ஸ்தபதிகள் உடம்பைப் பார்க்காமல் வெறும் அளவுக் கணக்கை வைத்தே செய்துவிட்டார்களா? பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் சிலைகளில் நரம்பு முதற்கொண்டு தெரிகிறதே?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இதில் வேடிக்கை, முட்டிக்கென்று தனி அளவே இருக்கிறது என்பதுதான். சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் உரிய உத்தம தசதாளம் என்ற சிற்ப அளவுமுறையில் உருவத்தின் உயரம் 124 அங்குலம். நம் டேப்பில் உள்ள அங்குலம் அல்ல. சிலையின் உயரத்தை 124 பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு. தொடைக்கு 27, கணைக்காலுக்கு 27, நடுவில் முட்டிக்கு 4. ஆக, ஸ்தபதி முட்டியை மறக்கவில்லை. சில்லைத் துருத்திக் காட்ட அவருக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் சுவாமிமலையில் ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்தே அளவுகளைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒடியோலை என்று பெயர். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சுட்டு மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். அப்புறம் அந்த மண் கூட்டை உடைத்தாக வேண்டும். அதனால் ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான்.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்தபதி ஓர் அம்மனின் இடுப்பை மெழுகில் செய்துகொண்டிருந்தார். ஓலையை வைத்தார், எடுத்தார், திருப்தியில்லை. வாசலில் நிலையில் சாய்ந்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்த உதவியாளனைத் திரும்பிப் பார்த்தார். "டேய், அப்படியே நில்லு." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெழுகைச் சூடான கருவியால் ஒரு பக்கம் லேசாகத் தள்ளினார். ஓலை சொல்லாததைப் பையனிடம் கேட்டுக்கொண்டார் என்று தோன்றியது.

ரிஷபவாகனரிடம் அதைத்தான் பார்க்க வேண்டும். 1011இல் செய்யப்பட்ட சிலை. ஒரு காலை ஊன்றி மற்றதைக் குறுக்கே போட்டு, கையை ஒரு காளையின் மேல் சாய்த்து நிற்கிறார். காளை இன்றைக்கு இல்லை. ஆனாலும் அது எங்கே நின்றது, எவ்வளவு உயரம் என்று அந்தக் கை சொல்லிவிடுகிறது. உடம்பைப் பார்க்காதவனுக்கு இது வராது. இத்தனைக்கும் உற்சவ மூர்த்தி. பட்டும் பூவும் சாத்தி வீதிக்கு வரும்போது முகமும் கை கால்களும் தவிர எதுவும் வெளியே தெரியாது. மறையப் போகும் முதுகையும் இப்படிச் செய்து வைத்திருக்கிறான்.

(இன்றைய சிலைகள் பல விறைத்து நிற்பதாக எனக்குப் படுகிறது. மெழுகிலேயே முடிக்க வேண்டியதை உளிக்கு விட்டுவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம்.)

ரோதானுக்கு வருவோம். 1877இல் அவர் ஓர் இளம் பெல்ஜியப் படைவீரனை வைத்துச் செய்த சிலையைக் காட்சிக்கு வைத்தபோது, உயிருள்ள உடம்பிலேயே அச்செடுத்து வார்த்துவிட்டார் என்று குற்றம் சாட்டினார்கள். அவ்வளவு தத்ரூபம். மறுக்க அந்த வீரனின் புகைப்படங்களையெல்லாம் காட்ட வேண்டியிருந்தது. அதே ரோதான்தான் 1913இல், சென்னை அருங்காட்சியகத்திலுள்ள திருவாலங்காட்டு நடராசரின் புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்துப் பக்கம் பக்கமாக வியந்து எழுதினார். நரம்பு இல்லையே என்று அவருக்குக் குறை தோன்றவில்லை.

அடுத்த முறை தஞ்சை போனால், சிலைக்கு முன்னால் மகளையும் அப்படி ஒற்றைக் காலில் எடையைப் போட்டு நிற்கச் சொல்லுங்கள். எந்தப் பக்க இடுப்பு ஏறுகிறது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.