நம்பிக்கை இடைவெளிகள் உரசிக்கொண்டால்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எம்.காம். ப்ராஜெக்டுக்காக எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி கடை, சூப்பர் மார்க்கெட், மொபைல் ஆப் மூன்றைப் பற்றியும் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று சர்வே எடுத்தேன். ‘பொருள் தரமாக இருக்கிறதா’ போன்ற கேள்விகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒவ்வொரு கடை வகைக்கும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான சராசரி எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீடு) போட்டதில், அண்ணாச்சி கடையின் இடைவெளியும் சூப்பர் மார்க்கெட்டின் இடைவெளியும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ‘அப்போ வித்தியாசம் இல்லைன்னு எழுதிடு’ என்கிறார் கைடு. சரிதானா?

க., தண்டையார்பேட்டை

அன்புள்ள க.,

சரியில்லை. இரண்டு இடைவெளிகளும் விலகி நின்றால் வித்தியாசம் உண்டு என்று தைரியமாக எழுதலாம். உரசிக்கொண்டால் மட்டும் ‘இல்லை’ என்று ஆகிவிடாது. உங்கள் கைடு மட்டுமல்ல, அச்சான கட்டுரைகளிலும் பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

நீங்கள் எண்களை அனுப்பவில்லை. கணக்குக்கு வசதியாக நானே சிலவற்றை வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு கடை வகைக்கும் 64 பேர், திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 0.8. அதை 64-இன் வர்க்கமூலமான 8-ஆல் வகுத்தால் திட்டப் பிழை, அதாவது சராசரியே தவறக்கூடிய அளவு, 0.1. 95 சதவீதத்துக்கு அதைப் பெருக்க வேண்டிய எண்ணான டி மதிப்பு இங்கே 2. ஆக சராசரிக்கு இருபுறமும் விளிம்பு 0.2. அண்ணாச்சி கடைக்குச் சராசரி 3.90 என்றால் இடைவெளி 3.70 முதல் 4.10 வரை. சூப்பர் மார்க்கெட்டுக்கு 3.58 என்றால் 3.38 முதல் 3.78 வரை. உரசுகின்றன.

இப்போது வித்தியாசத்துக்கே இடைவெளி போடுங்கள். வித்தியாசம் 0.32. அதன் திட்டப் பிழைக்கு 0.1-ஐயும் 0.1-ஐயும் அப்படியே கூட்டக்கூடாது. வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 0.141. டி மதிப்பு 1.98-ஆல் பெருக்கினால் 0.28. ஆக 0.04 முதல் 0.60 வரை. பூஜ்யம் உள்ளே இல்லை, வித்தியாசம் உண்டு. உரசாமல் இருக்க வேண்டும் என்றால் சராசரிகளுக்கு நடுவே 0.40 தேவைப்பட்டிருக்கும், உண்மையில் 0.28 தாண்டினாலே போதும். ஒரு சராசரி முழு அளவுக்கு மேலேயும் இன்னொன்று முழு அளவுக்குக் கீழேயும் ஒரே சமயத்தில் தவறிப்போவது அபூர்வம் என்பதுதான் காரணம்.

ஒரே ஆளிடம் மூன்று கடைக்கும் மதிப்பெண் வாங்கியிருந்தால் இந்தச் சூத்திரம் செல்லாது. அப்போது ஒவ்வொருவருக்கும் இரண்டு மதிப்பெண்களின் கழித்தலை எடுத்து, அந்தக் கழித்தல்களுக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் பாருங்கள். தாராளமாக மதிப்பெண் போடுகிறவர் எல்லாக் கடைக்கும் தாராளமாகப் போடுவார். கழித்தலில் அது அடிபட்டுப்போவதால் இடைவெளி பெரும்பாலும் சுருங்கும்.

மூன்று கடை வகை என்றால் மூன்று ஜோடி. மூன்றையும் ஒப்பிடுவதானால், தவறுக்கு விட்ட 5 சதவீதத்தை மூன்றாகப் பங்கிட்டு, 95-க்குப் பதில் 98.33 சதவீதம் வைப்பது பான்ஃபெரோனி முறை. டி மதிப்பு 2.43 ஆகிவிடும், மேலே போட்ட அதே கணக்கு −0.02 முதல் 0.66 வரை என்று மாறும். பூஜ்யம் உள்ளே வந்துவிட்டது! எந்த ஜோடி முக்கியம் என்பதைச் சர்வேக்கு முன்பே எழுதிவைக்கச் சொல்வது இதனால்தான்.

எக்செல்லில் விளிம்பைக் கணக்கிடும் கான்ஃபிடன்ஸ்.டி ஃபங்ஷன் போடும்போது முதல் கட்டத்தில் தவறுக்கு விடும் பங்கான 0.05 கொடுங்கள். பலர் 0.95 என்று கொடுத்துவிடுகிறார்கள், விளிம்பு 0.2 வரவேண்டிய இடத்தில் 0.006 வரும். அதைத் துல்லியம் என்று நினைத்துச் சந்தோஷப்படுவதும் உண்டு.

கணக்கைவிட எனக்குக் கவலை, யாரிடம், எங்கே நின்று கேட்டீர்கள் என்பதுதான். டி.எச். ரோட்டு சூப்பர் மார்க்கெட் வாசலில் பில்லோடு வருகிறவரைக் கேட்டால், அங்கே போகப் பிடித்தவர்தான் பதில் சொல்கிறார். கல்லாவில் இருக்கும் அண்ணாச்சியின் காதுபடக் கேட்டால், நோட்டில் பாக்கி வைத்திருப்பவர் 2 போடுவாரா? காசிமேட்டுப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்த 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகு கடலுக்குப் போகாது; கடன் தரும் கடையின் மதிப்பு அப்போது வேறு மாதிரிதான் இருக்கும். இந்தச் சாய்வு எதுவும் நம்பிக்கை இடைவெளிக்குள் வராது. ஆயிரம் பேரைக் கேட்டாலும், தவறான எண்ணைச் சுற்றி இடைவெளி இன்னும் குறுகும், அவ்வளவுதான். வீட்டுக் கதவைத் தட்டி, தெருவுக்கு இத்தனையாவது வீடு என்று வைத்துக்கொண்டு கேட்பது மேல்.

இன்னொன்று. 64 பேரும் நாலே கடைகளில், கடைக்கு 16 பேராக வந்தவர்கள் என்றால் அவர்கள் 64 தனித்தனிப் பேர் ஆகமாட்டார்கள். ஒரே கடை வாடிக்கையாளர்களின் பதில்களுக்குள் ஒற்றுமை (0 என்றால் துளியும் இல்லை, 1 என்றால் முழுதாக) வெறும் 0.05 என்று வைத்தாலும், 1 + 15 × 0.05 = 1.75. 64-ஐ அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 37 பேர்தான் மிச்சம், விளிம்பு 0.20-இலிருந்து 0.26 ஆகும். இதைத் திருத்த, எந்தப் படிவம் எந்தக் கடையில் வாங்கியது என்று தெரிய வேண்டும். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையென்றால், கட்டுகள் கலைவதற்குள் ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் கடை எண்ணைக் குறித்துவிடுங்கள்.