வெள்ளைக்காரர் வரைந்த கோயில் படங்களை நம்பலாமா?

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் என்று 200 வருஷத்துக்கு முன் ஐரோப்பியர் வரைந்த படங்களைப் பார்த்தேன். பார்த்ததை அப்படியே வரைந்தார்களா, அழகுக்காகக் கைச்சரக்கும் சேர்த்தார்களா? ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: யார், எதற்காக வரைந்தார் என்று முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் வரைந்தவையாக இருக்கும். 1786-ல் கல்கத்தா வந்தவர்கள், 1792-93-ல் தெற்கே சுற்றினார்கள், லண்டன் திரும்பி 1795 முதல் 1808 வரை 144 படங்கள் வெளியிட்டார்கள். ஒரு பெட்டிக்குள் லென்ஸ் வழியாக விழும் பிம்பத்தின் மேலேயே பென்சிலை ஓட்டும் கேமரா அப்ஸ்குராவைப் பயன்படுத்தியதால், விமானத்தின் உயரம், அடுக்குகளின் அளவு இதையெல்லாம் ஓரளவு தைரியமாக நம்பலாம். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். செப்புத்தகட்டால் அச்சடித்த தாளின் மேல் பிறகு கையால்தான் வண்ணம் பூசினார்கள், அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் வானம் இரண்டு விதமாக இருக்கும்.

ஆதாரம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சிதான். 1798 வாக்கில் அவர் ஆந்திராவில் இருக்கும் அமராவதிக்குப் போனபோது, அந்த ஊர் ஜமீன்தாரின் ஆட்கள் கட்டடக் கல்லுக்காக அங்கிருந்த பழைய பௌத்த ஸ்தூபியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். 1816-ல் படவரைஞர்களோடு திரும்பி வந்து, கிடந்த பலகைக் கற்களை ஒவ்வொன்றாக வரைய வைத்தார். தாமரைப் பதக்கம், மாலை சுமக்கும் ஆட்கள், உடைந்துபோன ஓரம்கூட விடாமல் வரைந்திருக்கிறார்கள். அதில் பல கற்கள் இன்று இல்லை, அந்தத் தாள்தான் மிச்சம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிக் கற்கள் இருக்கின்றன, அடுத்த முறை போகும்போது அந்தப் படங்களையும் வைத்துக்கொண்டு பாருங்கள்.

கேள்வி: அஜந்தா ஓவியங்களையும் இப்படிப் பிரதி எடுத்தார்களாமே, அவை எங்கே?

பதில்: அதை நினைத்தால் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. சென்னைப் படையில் இருந்த ராபர்ட் கில், 1844-லிருந்து வருஷக்கணக்கில் அந்தக் குகைகளிலேயே கிடந்து பெரிய பெரிய துணிகளில் வரைந்து அனுப்பினார். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் காட்சிக்கு வைத்திருந்தபோது 1866-ல் தீப்பிடித்து, சிலவற்றைத் தவிர எல்லாம் போய்விட்டது. சரி, திரும்பவும் வரைவோம் என்று ஜான் கிரிஃபித்ஸ் பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்களைக் கூட்டிப்போய் 1872-லிருந்து வரைந்தார். அதிலும் பல 1885-ல் லண்டனில் இன்னொரு தீயில் எரிந்துபோயின. தப்பிய பிரதிகளை இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள், ஏனென்றால் குகைச் சுவரில் அதற்கப்புறம் உதிர்ந்துபோன முகங்கள் சில அவற்றில்தான் இருக்கின்றன.